குலுக்கைக் கணக்கு: வருடச் செலவுக்கு மாதாமாதம் கட்டிவைப்பது

பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாத ஆரம்பத்தில் பாளையங்கோட்டையில் எந்த நகைக்கடன் கவுண்டருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், கூட்டம் நிற்கும். மூன்று வருடம் நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். மூன்று வருடமும் அதே இரண்டு வளையல்கள். மூன்றாவது தடவை, நகை மதிப்பீட்டாளர் உரைகல்லை எடுப்பதற்கு முன்பே எடையைச் சொல்லிவிடுவார் போலிருந்தது. அந்த அளவுக்கு அவருக்கு என் வளையல் பழகிவிட்டது.

எங்கள் வீடு ஊதாரி வீடு இல்லை. மளிகைக்குச் சீட்டு எழுதிக்கொண்டுதான் போவோம். ஓட்டல் சாப்பாடு அபூர்வம். மாதக் கடைசியில் ஆயிரம், இரண்டாயிரம் மிஞ்சுகிற மாதங்களும் உண்டு. அப்புறம் எப்படி ஒவ்வொரு ஜூனிலும் வளையல் வீட்டை விட்டுப் போகிறது? இதற்கு விடை, நான் சின்ன வயதில் பார்த்த ஆச்சி வீட்டுக் குலுக்கையில் இருந்தது.

குலுக்கை தெரியாதவர்களுக்காக: அது நெல் கொட்டிவைக்கிற மண் கலம். ஆள் உயரம் இருக்கும். நெல்லை மேலே வாய் வழியாகக் கொட்டுவார்கள். எடுப்பது அடியில் இருக்கிற சின்னத் துவாரம் வழியாக. அதைப் பழந்துணி சுருட்டி அடைத்திருப்பார்கள். அம்பாசமுத்திரம் பக்கம் ஆச்சிக்குத் தாமிரபரணிப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. காரும் பிசானமும் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கார் நெல் புரட்டாசிவாக்கில் வீடு வரும், பிசானம் மாசி பங்குனியில் வரும். வருடத்தில் வரவு அந்த இரண்டே தடவைதான். ஆனால் உலை தினமும் வைத்தாக வேண்டுமே. அதனால் நெல் வந்த அன்றைக்கே ஆச்சி பங்கு பிரித்துவிடுவாள். விதைநெல் தனியாகப் போகும். விற்கிறது தனி. மீதி குலுக்கைக்குள். அதிலிருந்தும் இத்தனை நாளைக்கு இத்தனை பக்கா என்று ஓர் அளவு உண்டு. குலுக்கை நிரம்பி நிற்கிற பங்குனியிலும் அதே அளவுதான், அடி தட்டுகிற ஆவணியிலும் அதே அளவுதான். இவ்வளவு கிடக்கிறதே, கூட ஒரு பக்கா எடுத்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "ஏட்டி, இது இன்னைக்கு உள்ள நெல்லா? ஆவணியில திங்கப்போற நெல்லுல்லா!" என்றாள்.

இன்றைய மாதச் சம்பள வீட்டில் இது அப்படியே தலைகீழ். வரவு மாதாமாதம் ஒரே அளவாக வந்துவிடுகிறது. செலவுதான் ஜூனில் ஒரு மாதிரி, ஐப்பசியில் ஒரு மாதிரி. ஆச்சி மொத்தமாக வந்ததைச் சிறுகச் சிறுக எடுத்தாள். நாம் சிறுகச் சிறுகப் போட்டு, வேண்டிய மாதத்தில் மொத்தமாக அள்ள வேண்டும். நான் சொல்ல வந்த விஷயம் இவ்வளவுதான். மாதக் கடைசியில் மிஞ்சிய இரண்டாயிரத்தை மிச்சம் என்று நினைத்துச் செலவழித்தேன் பாருங்கள், அது ஜூனில் கட்ட வேண்டிய ஃபீஸ்.

திடீர்ச் செலவு என்று எதைச் சொல்கிறோம்?

செலவில் நாள் செலவு, மாதச் செலவு, வருடச் செலவு என்று மூன்று உண்டு. பாலும் காய்கறியும் நாள் செலவு. வாடகை, கேஸ், மளிகை மாதச் செலவு. இவை இரண்டும் எல்லோருக்கும் மனப்பாடம். மூன்றாவதைத்தான் "திடீர்னு வந்துட்டு" என்கிறோம். தீபாவளி எங்கே திடீரென்று வருகிறது? காலண்டரில் ஒரு வருடத்துக்கு முன்பே சிவப்பு மையில் அச்சாகி, அடுப்படிச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு நோட்டை எடுத்து, போன தை முதல் இந்தத் தை வரை உங்கள் வீட்டில் வந்த வருடச் செலவுகளை எழுதிப் பாருங்கள். மாதிரிக்கு, மாதம் 25,000 ரூபாய் வருமானமுள்ள வீடு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் என் கற்பனை, நீங்கள் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் சேர்த்து 18,000. தீபாவளிக்கு 10,000. பொங்கலும், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கொடுக்கிற பொங்கல்படியும் 6,000. ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிற தலைக்கட்டு வரியும், கொடைக்கு வந்து தங்குகிற சொந்தக்காரர்கள் சாப்பாடும் 4,000. வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 4,000. வீட்டு வரி, தண்ணீர் வரி 2,400. மொய் மாதம் சராசரி 800 வீதம் 9,600. வருடத்துக்கு வேண்டிய புளி, வத்தல் மிளகாய், பருப்பு 6,000. கூட்டினால் 60,000 வருகிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,000.

அந்த வீட்டின் சம்பளம் 25,000 இல்லை, 20,000தான். 5,000 ரூபாய் வேறு மாதங்களுக்குச் சொந்தமானது, நம் வீட்டு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. இதை நோட்டில் பார்த்த அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது உண்மை.

முதல் வருடப் பட்டியலில் எதையாவது விட்டுவிடுவீர்கள். நான் விட்டது அல்வா. சிரிக்காதீர்கள். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறுகிறவர்கள் வெறுங்கையோடு போய் இறங்க முடியுமா? நாத்தனார் வீடு, சித்தப்பா வீடு, மேல்வீட்டுக்காரர்கள் என்று கிலோக் கணக்கில் வாங்க வேண்டியிருக்கிறது. வருடத்துக்கு இரண்டு பயணம் என்றால், வண்டி இன்சூரன்ஸுக்கு அது ஒன்றும் சளைத்த செலவு இல்லை.

மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற வீடுகளிலும், கூலி வேலை பார்க்கிற வீடுகளிலும் வாரக் கணக்குதான் வசதி. ஆனால் 52ஆல் வகுக்காமல் 50ஆல் வகுங்கள். காய்ச்சல், துஷ்டி (சாவு வீடு), மழை என்று இரண்டு வாரமாவது கை ஓயும். வருடச் செலவு 30,000 என்றால் வாரம் 600 வருகிறது. பீடி இலை வரத்து குறைந்து வேலை குறைந்த வாரம் 200 போட்டால் போதும், ஆனால் போடாமல் மட்டும் விடக்கூடாது.

முதல் வருடம் இந்தக் கணக்கு முழுசாகக் கைகொடுக்காது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன வீடு பொங்கல் முடிந்து பிப்ரவரியில் ஆரம்பிக்கிறது என்றால், ஜூன் வரை ஐந்து தடவை போட்டு 25,000 சேர்ந்திருக்கும். நடுவில் பங்குனியில் புளி, மிளகாய்க்கு 6,000, மே முடிய நான்கு மாத மொய் 3,200, அரை வருட வீட்டு வரி 1,200 போய்விடும். கையில் 14,600 நிற்கும், ஃபீஸோ 18,000. துண்டு விழுவது 3,400. ஆனால் போன வருடம் 18,000க்கு அடகு வைத்த வீட்டுக்கு இந்த வருடம் 3,400தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

இந்த 5,000 எங்கிருந்து வரும்?

சிக்கனம் என்றதும் எல்லோரும் முதலில் டீயில்தான் கை வைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு டீயைக் குறைத்தால் மாதம் நானூறு ரூபாய் மிஞ்சலாம். ஆனால் அந்த நானூறுக்கு முப்பது நாளும் மனதோடு மல்லுக்கட்ட வேண்டும். பத்தாம் நாள் தோற்றுவிடுவோம். தோற்றதும் "நமக்கெல்லாம் சேமிப்பு ஒத்து வராது" என்று நோட்டையே மூடிவிடுவோம். ஒரு தடவை முடிவெடுத்தால் பிறகு தானாக நடக்கிற சிக்கனங்களை முதலில் பாருங்கள்.

அதில் எனக்குப் பிடித்தது கரண்ட் பில். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம் என்பது தெரியும். 500 யூனிட்டில் ஒரு பள்ளம் இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25, அடுத்து 400 வரை 4.50, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 510 ஓடினால்? 2,030! பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய். 500ஐத் தாண்டிய நிமிடமே 2.25 என்ற சலுகை விலை பறிபோய், அந்த 100 யூனிட்டும் 4.50க்குப் போய்விடுகிறது, அதில் 225. தாண்டிய பத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 80. அதற்குப் பிறகு விலைகள் ஏறியிருக்கின்றன, ஆகவே இன்றைய தொகையை உங்கள் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டியது சின்ன வேலை: கணக்கெடுத்துப் போன தேதியிலிருந்து நாற்பதாம் நாள் மீட்டரைப் பாருங்கள். 330ஐத் தாண்டி ஓடியிருந்தால் மீதி இருபது நாளுக்கு ஏ.சி.யை ராத்திரி இரண்டு மணிக்கு நிறுத்தி ஃபேன் போட்டுக்கொள்ளலாம். அக்கினி நட்சத்திரத்தில் இது நடக்காது என்பதும் தெரியும். அப்போது தாண்டட்டும், மற்ற ஐந்து பில்லில் பிடித்துக்கொள்வோம்.

ரேஷன் இன்னொன்று. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கார்டு இருந்தும் கௌரவம் பார்த்து வாங்காமல் விடுகிற வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அந்தப் பருப்பு வேக இரண்டு விசில் கூட ஆகும், அவ்வளவுதான். பெண்களுக்கு 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. வேலைக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்த என் சிநேகிதி, பத்து நிமிடம் முன்னால் கிளம்பி பஸ்ஸுக்கு மாறினாள். அந்த ஆட்டோக்காசுதான் இப்போது அவள் வீட்டுக் குலுக்கைக்கு அஸ்திவாரம்.

அடுப்படிக்கு வருவோம். இங்கே நம் ஊர்ச் சமையலே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. உளுந்தம் சோற்றுக்குக் காய்கறியே வேண்டாம். அரிசி, தொலி உளுந்து, கொஞ்சம் தேங்காய், வெள்ளைப்பூண்டு, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். வாரக் கடைசியில் ஒரு கத்தரிக்காய், அரை வாழைக்காய், ஒரு கைப்பிடி சீனியவரை என்று மிஞ்சிக் கிடப்பதெல்லாம் கூட்டாஞ்சோற்றில் அடங்கிவிடும். மேலே முருங்கைக்கீரை இருந்தால் அமிர்தம்தான். வாரத்தில் ஒரு நாள் உளுந்தம் சோறு, ஒரு நாள் கூட்டாஞ்சோறு என்று கிழமை குறித்துவிட்டால், காய்கறி வாங்குவது ஐந்து நாளைக்குத்தான். தேங்காய்ப்பாலில் சொதி வைக்கிற அன்றைக்கு மட்டும் சிக்கனம் பேசாதீர்கள். தேங்காய் எண்ணுகிறவர்கள் சொதி வைக்கக் கூடாது.

காய்கறி விலைக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஓணத்துக்கு முந்திய வாரம் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து லோடு லோடாகக் கேரளாவுக்குப் போகும். அந்த வாரம் இங்கே எல்லாக் காயும் ஏறும். மார்கழி முருங்கைக்காய் விலையைக் கேட்டால் சாம்பாரே மறந்துபோகும். அதே காய் மலிந்து வருகிற காலத்தில் தெருவில் கட்டுக் கட்டாக வரும். ஏறின வாரத்தில் வத்தல் டப்பாவைத் திறக்க வேண்டியதுதான். சித்திரை வெயிலில் போட்ட சீனியவரை வத்தல், சுண்டை வத்தல், மோர்மிளகாய் எல்லாம் அதற்குத்தான் இருக்கின்றன. புளி புதிதாக வருகிற மாசி பங்குனியில் வருடத்துக்கும் சேர்த்து வாங்கி, கொட்டை எடுத்து, கல்லுப்புப் போட்டு மண்பானையில் அடைத்துவிடுங்கள். ஆனால் அதற்குக் கையில் மொத்தமாகத் துட்டு வேண்டும். கையில் துட்டு இல்லாத வீடு மாதாமாதம் கால் கிலோ பாக்கெட் புளியைக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கும். குலுக்கைக் கணக்கில் புளிக்கும் ஒரு பங்கு வைத்தது அதனால்தான்.

சிக்கனம் என்ற பெயரில் நடக்கிற அசட்டுத்தனமும் உண்டு. பல்லாரி (பெரிய வெங்காயம்) கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவு என்று பாளையிலிருந்து டவுனுக்கு வண்டியில் போய் மூன்று கிலோ வாங்கி வருவது. மிச்சம் 15 ரூபாய், பெட்ரோல் அதற்கு மேல். இதை எங்கள் வீட்டில் செய்தவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

சேர்வதை எங்கே வைப்பது?

நம் வீட்டுப் பெண்களுக்குச் சிறுவாடு புதிதல்ல. செலவுக்குக் கொடுத்ததில் பத்து, இருபது என்று மிச்சம் பிடித்து அஞ்சறைப்பெட்டியிலும் அரிசிப்பானையிலும் ஒளித்து வைத்தது நமக்கு முந்திய தலைமுறை. அதில் இரண்டு கோளாறு. ஒன்று, எதற்குச் சேர்க்கிறோம் என்று பெயர் இல்லாததால், யார் முதலில் கண்கலங்குகிறார்களோ அவர்களுக்குப் போய்விடும். இரண்டாவது, 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றதும் எத்தனை அரிசிப்பானைகள் வாய் திறந்தன! எங்கள் அம்மா எட்டு நோட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்பாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதனால் கையில் ஓராயிரம், இரண்டாயிரம் போதும். மீதிக்கு, சம்பளம் வருகிற கணக்கைத் தொடாமல் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. அதற்கு ஏ.டி.எம். கார்டை வாங்காமல் இருப்பது உத்தமம். சம்பளம் வந்த மறுநாளே 5,000 தானாக அதற்குப் போகும்படி வங்கியில் எழுதிக்கொடுத்துவிடலாம். மாதக் கடைசியில் மிஞ்சினதைப் போடுவோம் என்றால் ஒன்றும் மிஞ்சாது. தீபாவளி போல நாள் தெரிந்த செலவுக்கு வங்கியில் ஒரு வருட ஆர்.டி., அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டி முடிவில் மொத்தமாக வாங்குகிற கணக்கு, சரியாக இருக்கும். தபால் நிலைய ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், நல்லதுதான், ஆனால் அது ஐந்து வருடத் திட்டம். அடுத்த ஜூன் ஃபீஸுக்கு அது ஆகாது. வங்கியில் போட்டதற்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரிக்கு முன்னால் அது ஒரு லட்சமாக இருந்தது.

சீட்டு? சீட்டு நடத்த 1982ஆம் வருடச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் "நம்ம ஆளுங்கட்டயே கேக்கியளே" என்று வருத்தப்படுகிறவர்களிடம் சீட்டுப் போடாதீர்கள். நான் கேட்க வெட்கப்பட்டு ஒரு தீபாவளிச் சீட்டில் பத்து மாதம் கட்டினேன். பதினோராம் மாதம் அந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. நகைக்கடைச் சீட்டு ஏன் பதினோரு மாதம் என்று யோசித்திருக்கிறீர்களா? கம்பெனிகள் வாங்குகிற முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது டெபாசிட் கணக்கில் சேரும் என்று 2014ஆம் வருட விதி. நகை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி. ஃபீஸ் கட்ட அந்தச் சீட்டு உதவாது, வங்கிக் காப்பீடும் அதற்குக் கிடையாது.

கட்டிவைக்காமல் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் அதே 18,000ஐ வைத்துப் பார்த்துவிடலாம். நகைக்கடனுக்கு வருடம் பத்து சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 1,800 ரூபாய். வெளியில் "பத்து வட்டி" என்று சொல்வது நூற்றுக்கு மாதம் பத்து. அங்கேயும் 1,800தான், ஆனால் ஒவ்வொரு மாதமும். கேட்பதற்கு இரண்டும் பத்துதான். கந்துவட்டிக்கு எதிராக 2003லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை இந்த ஊர் மறக்காது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, விதைநெல். உண்மையிலேயே திடீரென்று வருகிற ஆஸ்பத்திரிச் செலவு, வேலை போவது, இவை வருடச் செலவுப் பட்டியலில் வராது. இவற்றுக்கு இரண்டு மூன்று மாதச் செலவு அளவுக்குத் தனியாக ஒரு தொகை வேண்டும். குலுக்கையில் எடுப்பதற்கென்றே போடுகிறோம். விதைநெல் தொடாமல் கிடக்க வேண்டியது. இரண்டையும் ஒரே கணக்கில் வைத்தால் ஐப்பசியில் விதைநெல்லையும் சேர்த்துப் பொங்கிச் சாப்பிட்டுவிடுவோம். எதை முதலில் தொடங்குவது என்றால், என் அனுபவத்தில் குலுக்கையை. அது ஒரு வருடம் நின்றுவிட்டால் அடகு வட்டி மிஞ்சும், அந்த மிச்சத்திலிருந்து விதைநெல் சேர்க்கலாம்.

குலுக்கையிலிருந்து கைமாற்று எடுக்கலாமா என்று கேட்பார்கள். எடுக்கக் கூடாது என்று சொன்னால் ஒளித்து எடுப்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு விதி: எடுத்தால் நோட்டில் எழுத வேண்டும், எடுத்தவர் கையாலேயே. போன மாசியில் செல்போன் கண்ணாடி உடைந்து, "குலுக்கைக்குத் தர வேண்டியது 1,800" என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்தும் போட்டார். சித்திரையில் ஆயிரம் வந்தது. வைகாசியில் 750. மீதி ஐம்பது ரூபாய் நோட்டில் இன்னும் அப்படியே நிற்கிறது. அடிக்கவும் மாட்டேன் என்கிறார், தரவும் மாட்டேன் என்கிறார்.